சட்டி வைக்காத தீபாவளி

அக்கா, காலையிலிருந்து மூன்று தட்டு வந்துவிட்டது. மாடி வீட்டிலிருந்து அதிரசமும் முறுக்கும், எதிர்வீட்டு டீச்சரிடமிருந்து கடையில் வாங்கிய மைசூர்பாகு, பின்தெருவிலிருந்து ஒரு சின்னத் தூக்கில் சுசியம். மூன்றையும் அடுப்பு மேடையில் வைத்துவிட்டு, மேலே மூடியிருந்த பேப்பரைக்கூட எடுக்காமல் உட்கார்ந்திருக்கிறேன். ஜன்னல் வழியாகக் கடலெண்ணெய் காயும் வாசனை வருகிறது. என் வீட்டு அடுப்பு மட்டும் சும்மா கிடக்கிறது. இந்த வருஷம் நான் சட்டி வைக்கவில்லை.

ஊரறிந்த வழக்கம்தான். வருஷத்துக்குள் சாவு விழுந்த வீட்டில் தீபாவளிக்கு எண்ணெய்ச்சட்டி வைக்கமாட்டார்கள். அக்கம்பக்கத்தார்தான் பலகாரம் கொண்டுவந்து கொடுப்பார்கள். இந்த வழக்கத்தை வைத்துக்கொண்டு நான் ஒருமுறை அடித்த கூத்து உங்களுக்குத் தெரிந்த மாதிரி வேறு யாருக்கும் தெரியாது. நினைத்தால் சிரிப்பு வருகிறது, சிரித்து முடிப்பதற்குள் அழுகையும் வருகிறது. யாரிடம் சொல்ல? அதனால்தான் உங்களுக்கே எழுதுகிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு வருஷம். திண்டுக்கல்லில் நாம் குடியிருந்த காம்பவுண்டில் ஒன்பது வீடு, ஒரே குழாய். கேட்டை ஒட்டிய முதல் வீடு உங்களுடையது, அடுத்தது எங்களுடையது. நீங்கள் ஒரு பிரசவ ஆஸ்பத்திரியில் ஆயா வேலை பார்த்தீர்கள். உங்கள் வீட்டுக்காரர் லாரியில் போனால் மாசத்துக்கு நாலு நாள்தான் கண்ணில் படுவார். மார்கழிக்கு முன்னமேயே உங்கள் வாசலில் மூங்கில் குச்சியில் காகிதம் ஒட்டிய நட்சத்திரம் தொங்கும். எங்கள் வீட்டுக்காரருக்கு மில் வேலை. அந்த ஆடியில் மில்லைப் பூட்டினார்கள், ஐப்பசி வந்தும் திறக்கவில்லை.

மில்காரன் வீட்டில் தீபாவளி என்றால் போனஸ்தான். துணி, பலகாரம், வெடி, கறி எல்லாம் அந்த ஒன்றை நம்பித்தான். அந்த வருஷம் இவர் விடியற்காலையில் வெங்காயப்பேட்டைக்குப் போய் நிற்பார். மூட்டை தூக்கக் கூப்பிட்டால் தூக்குவார், கூப்பிடாவிட்டால் பேசாமல் திரும்பி வருவார். சோற்றுக்குக் குறைவில்லை. தொட்டுக்கொள்ளும் வெஞ்சனம்தான் நாளுக்கு நாள் சுருங்கி, கடைசியில் வெங்காயமே வெஞ்சனம் என்றாகிவிட்டது.

தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கும்போது குழாயடியில் கடைசி வீட்டுத் தனலெட்சுமி அக்கா கேட்டார்கள். "ஏ செல்வி, நீ என்னைக்குச் சட்டி வைக்கப் போற? எனக்கு முறுக்கு உரல் ஒரு நாளைக்கு வேணும்."

குடத்தில் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். எதையும் யோசித்துச் சொல்லவில்லை அக்கா, வாய் தானாகச் சொன்னது. "எங்களுக்கு இந்த வருசம் இல்லக்கா. அவுக சித்தப்பா தவறிட்டாக."

"எப்படி, எப்ப?"

"புரட்டாசியில ரெண்டு நாள் ஊருக்குப் போயிட்டு வந்தோம்ல, அதுக்குத்தான். நெஞ்சுவலி."

புரட்டாசியில் போனது நிஜம். சித்தையன்கோட்டைக்கு அந்தப் பக்கம் இவர் சித்தப்பாவின் தோட்டத்தில் கடலை பிடுங்கப் போனோம். எனக்குச் சின்ன மாமாவான அவர் கல்லுக்குண்டாட்டம் வரப்பில் நின்று எங்களை வேலை வாங்கினார். அந்த மனுஷனைத்தான் குழாயடியில் வைத்து ஒரே வரியில் கொன்றுவிட்டேன்.

காசில்லை என்று சொல்லியிருக்கலாம். மில் பூட்டியது ஊருக்கே தெரியும். ஆனால் இல்லாத வீட்டைப் பார்த்தால் ஜனங்கள் உச்சுக்கொட்டுவார்கள். துக்க வீடு என்றால் குரலைத் தாழ்த்திப் பேசுவார்கள். எனக்கு அந்த மரியாதை வேண்டியிருந்தது. இவர் தலை குனியாமல் கேட்டைத் தாண்டிப் போய்வர வேண்டும், என் மகள் கவிதாவை யாரும் பாவம் பார்த்து ஒரு கம்பி மத்தாப்பு கொடுத்துவிடக் கூடாது, அவ்வளவுதான் என் கணக்கு. அவளுக்கு அப்போது எட்டு வயசு.

சாயங்காலம் இவரிடம் சொன்னேன். "உசுரோட இருக்குற மனுசன் செல்வி," என்றார். வேறு ஒன்றும் திட்டவில்லை. மறுநாளிலிருந்து சவரம் செய்வதை நிறுத்திவிட்டார். என் பொய்க்கு அவர் தாடி வளர்த்தது எனக்கு வசவைவிட அதிகமாக உறைத்தது.

கவிதாதான் மோசம். துக்கம் கேட்க வந்தவர்கள் பேசியதைக் கேட்டு, தாத்தா செத்துப்போனார் என்று நம்பி, தேம்பித் தேம்பி அழுதாள். கடலைக்காட்டில் அவளைத் தோளில் தூக்கி நடந்தவர் அவர். அவளைச் சமாதானப்படுத்தக்கூட எனக்கு வாய் வரவில்லை. உண்மையைச் சொன்னால் எட்டு வயசுப் பிள்ளை குழாயடியில் சொல்லிவிடும். அழட்டும் என்று விட்டுவிட்டேன். என்ன தாய் நான்.

நீங்களும் டூட்டி முடிந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தீர்கள். என் கையைப் பிடித்துக்கொண்டு என் முகத்தையே பார்த்தீர்கள். எழுந்து போகும்போது என் காதுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னீர்கள். "நான் ஆஸ்பத்திரியில தினம் பாக்குறவ. உன் மொகத்துல துக்கம் இல்லடி, பயம்தான் இருக்கு." ஆனால் அதற்கப்புறம் நீங்கள் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

இதில் நான் யோசிக்காமல் விட்ட ஒன்று இருந்தது. துக்க வீட்டுக்குப் பலகாரம் கொடுப்பார்கள் என்பது எனக்குத் தெரியாததா? தெரியும். ஆனால் எட்டு வீட்டுக்காரர்களும் போட்டி போட்டுக்கொண்டு கொடுப்பார்கள் என்று நினைக்கவில்லை. தீபாவளிக்கு முதல் நாளே தட்டுகள் வர ஆரம்பித்தன. "பச்சப்புள்ள இருக்குற வீடு," என்று சொல்லிச் சொல்லி அள்ளி வைத்தார்கள். அதிரசம், முறுக்கு, சீடை, ரவாலட்டு. வீட்டிலிருந்த சம்படம் நிறைந்து, தூக்குவாளி நிறைந்து, சோற்றுப்பானையைக் கழுவித் துடைத்து அதிலும் போட்டேன். சட்டி வைத்த வீட்டைவிடச் சட்டி வைக்காத என் வீட்டில் பலகாரம் அதிகம். சேலை வியாபாரம் சரியில்லாமல் அவர்களே இழுத்துப்பிடித்துப் போய்க்கொண்டிருந்த தனலெட்சுமி அக்கா, "உங்களுக்குன்னு தனியாச் சுட்டேன் செல்வி," என்றபோது பூமி பிளந்து உள்ளே போய்விட மாட்டேனா என்றிருந்தது. திருடின பண்டமாட்டம் ஒரு வாய்கூட எனக்கு இறங்கவில்லை.

தீபாவளியன்று காலை பத்து மணி இருக்கும். இரவு டூட்டி முடிந்து நீங்கள் கேட்டைத் திறக்கும் நேரம், தெருவில் ஒரு பெரியவர் வந்து நின்றிருக்கிறார். நெற்றியில் விபூதிப் பட்டை, தோளில் ஒரு சாக்கு, கையிலிருந்த மஞ்சப்பையிலிருந்து தலையை நீட்டிக்கொண்டு ஒரு சேவல்.

"ஏம்மா, மில்லுல வேல பாக்குற முருகேசன் வீடு இதுல எது? நான் அவன் சித்தப்பா."

குழாயடியில் நாலு பொம்பளைகள் நின்றார்களாம். அவர் கொஞ்சம் குரலை உயர்த்திச் சொல்லியிருந்தால் என் கதை அன்றைக்கே முடிந்திருக்கும். நீங்கள் ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. "வாங்க வாங்க, இம்புட்டுத் தூரம் சுமந்துட்டா வந்தீக," என்று சாக்கை வாங்கிக்கொண்டு, அவரை நேராக உங்கள் வீட்டுக்குள் கூட்டிப் போய்விட்டீர்கள். குழாயடிப் பக்கம் திரும்பி, "எங்க பெரியப்பா, கன்னிவாடியில இருந்து வந்துருக்காக," என்று ஒரு வார்த்தை.

தனலெட்சுமி அக்கா விடுவார்களா? "உங்க பெரியப்பா பட்டையடிச்சிருக்காரு?"

"எங்க வகையறாவுல பாதிப்பேரு இன்னும் அந்தப் பக்கந்தான்," என்றீர்களாம். அது பொய்யும் இல்லை. ஒரே குடும்பத்தில் அண்ணன் கோயிலுக்கும் தம்பி சர்ச்சுக்கும் போவது நம் ஊரில் என்ன புதுசா?

பின்வாசல் வழியாக வந்து என்னைக் கூப்பிட்டீர்கள். "ஒரு நிமிசம் வா." வந்து பார்த்தால் ஏசு படத்துக்குக் கீழே நாற்காலியில் சின்ன மாமா காப்பி குடித்துக்கொண்டிருக்கிறார். நீங்கள் கதவைச் சாத்தினீர்கள். "நீயே சொல்லு. என் வாயால நான் சொல்லமாட்டேன்," என்றீர்கள்.

"என்ன தாயி, ஒரு மாதிரியா இருக்க?" என்றார் அவர். "மில்லு பூட்டிக் கெடக்காம்ல. சந்தையில ஒருத்தன் சொல்லித்தான் தெரியும். முருகேசன் வாயத் தொறந்து ஒரு சொல்லு சொன்னானா? நல்ல நாளும் அதுவுமா புள்ள என்ன செய்யும்னு மனசு கேக்கல. அதான் வெள்ளனப் பஸ்ஸப் புடிச்சேன்." சாக்கில் கத்திரிக்காயும் கடலையும், ஒரு கேனில் செக்கில் ஆட்டிய எண்ணெய். மடியில் ஒரு கவுன், கவிதா அளவைவிட இரண்டு வயசு பெரியது.

நான் கொன்ற மனுஷன் எனக்குத் தீபாவளி கொண்டுவந்திருந்தார். அவர் காலில் விழுந்து எல்லாவற்றையும் சொன்னேன். குழாயடி, நெஞ்சுவலி, தட்டுகள், இவர் தாடி, கவிதாவின் அழுகை. தலையைத் தூக்கவே இல்லை. அறையில் சேவல் மட்டும் கேறிக்கொண்டிருந்தது.

கடைசியில் அவர் கேட்டார். "நெஞ்சுவலின்னா சொன்ன?"

"ஆமா மாமா."

"சரி. பாயில கெடந்து சீரழியாமத்தான் போயிருக்கேன்." காப்பியைக் குடித்து முடித்து, டம்ளரைக் கீழே வைத்தார். "எந்திரி தாயி. போன மாசம் களத்துல நின்னப்ப காக்கா என் தலையில தட்டிட்டுப் போச்சு. ஆயுசுக்கு ஆகாது, செத்துட்டேன்னு ஒரு பொய்ச்சேதி சொல்லி விடுங்கன்னு உங்க சின்னத்தை ஒரு மாசமாச் சொல்லிக்கிட்டு இருக்கா. நான்தான் எவன்கிட்டச் சொல்லன்னு அலைஞ்சேன். நீ சொல்லிட்ட. தோசம் கழிஞ்சது."

காக்கை தலையில் தட்டினால் சொந்தக்காரர்களுக்குச் சாவுச் சேதி அனுப்பித் தோஷம் கழிப்பது எங்கள் பக்கத்து வழக்கம்தான். ஆனால் அவர் தலையில் நிஜமாகவே காக்கை தட்டியதா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. சின்ன அத்தையிடம் ஒருமுறை கேட்கலாம் என்று வாயெடுத்தேன். நீங்கள்தான், "சும்மா இரு, அவரு குடுத்தத வாங்கிக்க," என்று அடக்கினீர்கள்.

கவிதாவைப் பின்வாசல் வழியாக நீங்களே கூட்டி வந்தீர்கள். தாத்தாவைப் பார்த்ததும் அவள் வீறிடப் போக, வாயைப் பொத்தி மடியில் வைத்துக்கொண்டு, ஒளிக்காமல் சொன்னீர்கள். "தாத்தா சாகல. அப்பாவுக்கு வேல இல்ல, வீட்டுல காசு இல்ல, அதைச் சொல்ல உங்கம்மாவுக்கு வெக்கம். அதான் அப்படிச் சொல்லிட்டா. இது நமக்குள்ள இருக்கட்டும். சரியா?" அவள் தலையாட்டினாள். எட்டு வயசுப் பிள்ளை அதைக் கடைசிவரை காப்பாற்றினாள். பயந்தது நான்தான்.

இவரும் பின்வாசல் வழியாக வந்தார். சித்தப்பாவைக் கட்டிக்கொண்டு அந்தத் தாடியோடு அழுதார். சேவலை நீங்கள் அடித்துக் குழம்பு வைத்தீர்கள். மத்தியானம் சின்ன மாமா கவிதாவுக்கு ஊட்டிவிட்டு, தொளதொள கவுனில் அவளைப் பார்த்துவிட்டு, இரண்டு மணிப் பஸ்ஸுக்குக் கிளம்பினார். கேட்டுவரைக்கும் நீங்கள்தான் போனீர்கள். "வாரேன் மகளே," என்று எல்லோருக்கும் கேட்கும்படி அவர் சொன்னது எங்கள் வீட்டுக்குள்ளும் கேட்டது.

அன்று சாயங்காலம் என்னிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னீர்கள். "அடுத்த தடவ யாரையாச்சும் கொல்லணும்னா எங்கிட்டக் கேட்டுட்டுக் கொல்லு."

கிறிஸ்துமஸ் வந்தது, மில் திறக்கவில்லை. உங்கள் வீட்டுக்காரருக்கும் லாரி ஓட்டம் குறைவு. நீங்களே வந்து கூப்பிட்டீர்கள். "எண்ணெய் இருக்கு, உங்க பெரியவரு குடுத்தது. மாவு நான் போடுறேன். எனக்குக் கை வலிக்குது, நீ வந்து புழி. ரெண்டு வீட்டுக்கும் ஒரே சட்டி." அதுதான் ஆரம்பம். அதற்கப்புறம் நாம் தனித்தனியாகச் சட்டி வைக்கவே இல்லை. தீபாவளிக்கு என் அடுப்பில், கிறிஸ்துமஸுக்கு உங்கள் அடுப்பில். அரிசி ஒருவர், வெல்லம் ஒருவர், மீந்த எண்ணெயில் பொங்கல்வரை தாளிப்பு. பண்டிகைக்கு இரண்டு நாள் முன்னால் பூ விலை ஏறுமுன்பே, நிலக்கோட்டைப் பஸ்ஸில் வருவதை அரும்பாகவே வாங்கி ஈரத்துணியில் சுற்றி வைக்கும் சூட்சுமமும் உங்களுடையதுதான். மில் திறந்து, போனஸ் வர ஆரம்பித்த பிறகும் ஒரே சட்டிதான்.

வேடிக்கை என்னவென்றால், சின்ன மாமா வருஷா வருஷம் எண்ணெய்க் கேனோடு வந்தார், உங்கள் பெரியப்பாவாக. எங்கள் வீட்டு வாசலைத் தாண்டும்போது யாரோ மாதிரி தலையைத் திருப்பிக்கொண்டு போவார். பின்வாசல் வழியாகத்தான் எங்களுக்கு அவர். "உங்க பெரியப்பா சாடை நம்ம முருகேசன்கிட்ட இருக்கே," என்று தனலெட்சுமி அக்கா ஒருநாள் கேட்க, "எல்லாம் ஒரே ஆத்தூர் அணைத் தண்ணி குடிச்சதுதான்," என்று நீங்கள் முகம் மாறாமல் சொன்னீர்கள். நான் உள்ளே போய் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். நாளாக ஆக அவர் உங்களைத்தான் முதலில் விசாரிப்பார். பனங்கருப்பட்டி கொண்டுவந்தால் பெரிய சிப்பம் உங்களுக்கு.

ரெண்டாயிரம் பிறந்து மூன்றாம் வருஷமோ நாலாம் வருஷமோ, ஆவணியில் அவர் நிஜமாகவே போனார். நெஞ்சுவலி. நான் சொன்னதேதான். இவர் மொட்டை போட்டுக்கொண்டு வந்தார். காம்பவுண்டில் கேட்டதற்குப் பழனிக்கு வேண்டுதல் என்றோம். செத்தவருக்கு மறுபடி எப்படிச் சாவு சொல்ல? பங்காளி வீடு நாங்கள், சட்டி வைக்கக் கூடாது. வைக்காவிட்டால் ஏன் என்று கேட்பார்கள். அந்தத் தீபாவளிக்கு நான் சட்டி வைத்தேன் அக்கா. எண்ணெய் காயக் காய அழுதேன். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து வெறுமனே ஒரு வெங்காயத்தை நறுக்கிக்கொண்டிருந்தீர்கள். முறுக்குக்கு எதற்கு வெங்காயம் என்று யாரும் கேட்கவில்லை. கண்ணீருக்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது. முதல் முறுக்கை அவருக்கென்று எடுத்து வைத்து, "இதுக்கெல்லாம் அவரு கோவிக்கமாட்டாரு," என்றீர்கள்.

அந்தக் கிறிஸ்துமஸுக்கு நீங்கள் சட்டி வைக்கவில்லை. நட்சத்திரமும் கட்டவில்லை. குழாயடியில் எல்லோர் முன்னாலும், "எங்க பெரியப்பா தவறிட்டாக, இந்த வருசம் எங்களுக்கு இல்ல," என்று சொன்னீர்கள். எட்டு வீட்டிலிருந்தும் உங்களுக்குத் தட்டு வந்தது. எங்கள் துக்கத்தை எங்களால் காக்க முடியாமல் போனபோது, எங்களுக்காக நீங்கள் காத்தீர்கள். அன்றைக்கு உங்கள் கையைப் பிடித்து ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். நான் முறுக்குத் தட்டை நீட்டிவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன்.

அப்புறம் நாங்கள் இந்தப் பக்கம் வீடு மாறினோம், நீங்கள் மகனோடு ஒட்டன்சத்திரம் போனீர்கள். ஒரே சட்டி இரண்டானது. இந்த ஆடியில் சேதி வந்து ஓடி வந்தேன். உங்கள் தலைமாட்டில் சொந்தக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். உங்கள் மருமகள் யாரிடமோ என்னைக் காட்டி, "அத்தைக்குப் பக்கத்து வீட்டுல இருந்தவங்க," என்றாள். அவள் சொன்னதில் தப்பில்லை. ஆனாலும் சுவரோரமாக நின்றபடி, உங்களுக்கு நான் யார் என்று சொல்ல ஒரு முறைப்பெயர் கிடைக்காமல் தவித்துப்போனேன்.

இன்று காலை மாடி வீட்டுப் பெண் தட்டை நீட்டிக்கொண்டு கேட்டாள். "சட்டி வைக்கலன்னு சொன்னீங்களேம்மா, யார் தவறினது?"

"எங்க அக்கா."

"கூடப் பொறந்தவங்களா?"

"ஆமா," என்றேன். அன்றைக்குக் குழாயடியில் நடுங்கிய குரல் இன்று நடுங்கவில்லை. இதையும் பொய்யென்று நீங்கள் கணக்கில் வைப்பீர்களோ என்னவோ.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே கோயம்புத்தூரிலிருந்து கவிதா போன் பண்ணினாள். "அம்மா, சட்டி வச்சியா?"

"இல்லடி. இந்த வருசம் நமக்கு இல்ல."

"இந்தத் தடவ நிசந்தானம்மா?" என்றாள்.

"நிசந்தான்டி. பெரியம்மாவுக்கு."

"நானும் வைக்கலம்மா," என்றாள். "மாமியார் கேட்டாங்க. எங்க பெரியம்மா தவறிட்டாங்கன்னு சொல்லிட்டேன். பக்கத்து வீட்டுல எல்லாம் தட்டுத் தட்டாக் குடுத்திருக்காங்க."

போனை வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனேன். மாடி வீட்டுத் தட்டின் மேலிருந்த பேப்பரை எடுத்து, ஒரு அதிரசத்தைப் பிட்டு வாயில் போட்டேன். இந்தத் தடவை இறங்கியது அக்கா.